சைக்கிள் திருடனும் கேரார் ராஜாவும்

(ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை இரவில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: வேதாகமத்தில் நேர்மையில் விஞ்சி நிற்பவர்கள் இஸ்ரவேலின் ராஜாக்களா, அந்நிய ராஜாக்களா? அந்நிய ராஜாக்கள் அணியில் மூன்றாவதாகப் பேசிய உரை.)

நடுவர் ஐயாவுக்கும் சபைப் போதகர் ஐயரவர்களுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். எதிரணிக்கு வணக்கம். வரவேற்பு அவ்வளவுதான், மீதி நேரம் எனக்கு வேண்டும்.

ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய டீச்சர் அக்கா ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் அணித் தலைவர் பாவம், கேரார் ராஜா அபிமெலேக்கின் கதையை மெனக்கெட்டுச் சொல்லி, "பார்த்தீர்களா, எப்பேர்ப்பட்ட உத்தமன்!" என்று முடித்தார். அக்கா எழுந்து வந்து ஒரே போடு போட்டார். "ராத்திரி கனவில் கடவுள் வந்து 'நீ செத்தாய்' என்று சொன்னால் சைக்கிள் திருடன்கூட விடிந்ததும் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, காற்றடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவான். இதற்குப் பேர் நேர்மையா, பயமா?" என்றார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் விசில் அடித்தார். கோயில் வளாகத்தில் விசில்! ஐயரவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன், நாளைக்கு அசனப் பந்தியில் பரிமாறுகிறவர் அவர்தான், எனக்குக் கறித்துண்டு வேண்டும்.

நானும்தான் சிரித்தேன். பிறகுதான் எங்கள் தலைவர் முகத்தைக் கவனித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தலைவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதையைப் பாஸ்புக்கில் பதிவது போலச் சொல்லிவிட்டார். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு உத்தமன். அந்தக் கதையை அப்படிச் சொன்னால் சைக்கிள் திருடன் உள்ளே வரத்தான் செய்வான். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆதியாகமம் இருபதாம் அதிகாரம். ஆபிரகாம் குடும்பத்தோடும் ஆடு மாடுகளோடும் தெற்கே போய், கேராரில் தங்குகிறார். கூடவே சாராள் அம்மாள். அந்த அம்மாளுக்கு அப்போது வயது என்ன? மூன்று அதிகாரத்துக்கு முன்னால்தான் ஆபிரகாம், தொண்ணூறு வயதான சாராள் பிள்ளை பெறுவாளோ என்று தன் இருதயத்திலே சொல்லி நகைத்தார். ஆகவே ஏறக்குறைய தொண்ணூறு. தொண்ணூறு வயது மனைவியைப் பார்த்து, "இவள்நிமித்தம் என்னைக் கொன்றுபோடுவார்கள்" என்று ஒரு மனுஷன் பயப்படுகிறார். பெண்கள் பக்கம் இருக்கிற அக்காமார் எல்லாரும் இன்றைக்கு வீட்டுக்குப் போய் இந்த வசனத்தை உங்கள் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். விசுவாசிகளின் தகப்பன் என்று சும்மாவா சொன்னார்கள்!

சரி, பயந்தார். பயந்தவர் என்ன சொன்னார்? "இவள் என் தங்கை." இது முதல் தடவையும் அல்ல. இருபது வருஷத்துக்கு முன்னாலேயே எகிப்தில் பார்வோனிடம் இதே வசனத்தைப் பேசி, ஆடு மாடு கழுதை ஒட்டகம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தவர்தான். பார்வோன் அப்போதே, "இவள் உன் மனைவி என்று எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று நொந்துகொண்டு, கொடுத்ததைக்கூடத் திருப்பிக் கேட்காமல் வழியனுப்பி வைத்தான். அந்தப் பார்வோனும் அந்நிய ராஜாதான், நடுவர் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்.

கேராரில் ராஜா அபிமெலேக்கு ஆள் அனுப்பி சாராளை அரண்மனைக்கு அழைப்பித்தான். அன்று ராத்திரி கனவு. "நீ அழைப்பித்த ஸ்திரீயினிமித்தம் நீ செத்தாய்" என்று சத்தம். இந்த இடத்தில் சைக்கிள் திருடன் என்ன செய்வான்? காலில் விழுவான். "சாமி, தெரியாமல் செய்துட்டேன், பிள்ளைகுட்டிக்காரன்" என்று அழுவான். அபிமெலேக்கு என்ன செய்தான் தெரியுமா? கடவுளிடமே வழக்காடினான். "ஆண்டவரே, நீதியுள்ள ஜனங்களை அழிப்பீரோ?" என்று கேட்டான். "என்னை" என்று கேட்கவில்லை, ஐயா. தன் தலை போகிற நேரத்தில் ஊர் ஜனத்துக்காகப் பேசுகிறான். இந்தக் கேள்வியை இதற்கு முன் கேட்டது யார்? இரண்டு அதிகாரத்துக்கு முன்னால் சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாமே கர்த்தர் முன்னால் நின்று, நீதிமானையும் துன்மார்க்கனோடே அழிப்பீரோ என்று கேட்டார். சோதோமுக்காக வாதாடிய அந்த வாய்தான் கேராரில் வந்து, இங்கே தெய்வபயம் உள்ளவன் ஒருவனும் இருக்க மாட்டான் என்று முடிவு கட்டிவிட்டது. அவர் கேட்ட கேள்வியை, அவர் நம்பாத ராஜா கேட்கிறான்.

இன்னும் சொல்கிறான்: "உத்தம இருதயத்தோடும் சுத்தமான கைகளோடும் இதைச் செய்தேன்." இதை நானோ எங்கள் தலைவரோ சர்டிபிகேட் கொடுத்தால் அக்கா கிழித்துப் போடலாம். அதற்கு வந்த பதிலைப் பாருங்கள். உத்தம இருதயத்தோடே நீ இதைச் செய்தாய் என்று நான் அறிந்திருக்கிறேன் என்று கர்த்தரே கையெழுத்துப் போடுகிறார். அக்கா, மேல்முறையீடு எங்கே செய்யப் போகிறீர்கள்?

இனி விடியற்காலை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். "அதிகாலையில் எழுந்து" என்று போட்டிருக்கிறது. எழுந்து நேரே ஆபிரகாமைத்தானே கூப்பிட வேண்டும்? யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக அந்த அம்மாளை அனுப்பி வைத்திருந்தால் விஷயம் முடிந்தது. கனவு அவனுக்கும் கடவுளுக்கும் மட்டும்தானே தெரியும்? ஆனால் அவன் முதலில் தன் ஊழியக்காரர் எல்லாரையும் அழைப்பித்தான். எல்லாரையும்! மந்திரி, சமையற்காரர், வாசற்காவல், தூக்கக் கலக்கத்தோடு விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன் வரைக்கும். அவர்கள் கேட்கும்படி நடந்த சங்கதி முழுவதையும் சொன்னான். "நேற்று நான் அரண்மனைக்குக் கொண்டுவந்த அம்மாள் இன்னொருவர் மனைவி. ராத்திரி எனக்கு இப்படி ஒரு எச்சரிப்பு வந்தது." தான் செய்தது பிசகு என்று ஒரு ராஜா, தன்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களை வரிசையாக நிற்க வைத்துச் சொல்கிறான். நாம் வேலை பார்க்கிற இடத்தில் எந்த அதிகாரியாவது காலையில் எட்டு மணிக்கு ஸ்டாஃப் எல்லாரையும் கூப்பிட்டு, "நேற்று நான் போட்ட ஆர்டர் தப்பு" என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? கை தூக்குங்கள். யாரும் தூக்கவில்லை. அதிகாரிகளும் கொஞ்சப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் தூக்கவில்லை.

அப்புறம்தான் ஆபிரகாமை அழைத்தான். "நீ எங்களுக்கு என்ன காரியம் செய்தாய்? உனக்கு நான் என்ன குற்றம் செய்தேன்?" என்று கேட்டான். ஆபிரகாமிடமிருந்து பதில் இல்லை. அடுத்த வசனத்தில் ராஜா மறுபடியும் கேட்கிறான்: "என்னத்தைக் கண்டு நீ இந்தக் காரியத்தைச் செய்தாய்?" ஒரு வசன நேரம் ஆபிரகாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அப்படி எழுதியிருக்கவில்லை, நான்தான் சொல்கிறேன். ஆனால் இரண்டு தரம் கேட்டது எழுதியிருக்கிறது.

பிறகு பதில் வந்தது. "இவ்விடத்தில் தெய்வபயம் இல்லையென்று நினைத்தேன்" என்றார். கூடவே, "அவள் என் தங்கை என்பதும் மெய்தான், ஒரே தகப்பன், தாய் மட்டும் வேறு" என்று ஒரு பாயிண்ட். வக்கீல்கள் இங்கே யாராவது இருந்தால் எழுந்து நின்று வணங்கலாம், உங்கள் தொழிலுக்கு மூலபுருஷர் அவர்தான்.

ராஜா கோபப்பட்டானா? ஆடு மாடு கொடுத்தான், வேலைக்காரர் வேலைக்காரிகளைக் கொடுத்தான், மனைவியைத் திருப்பி ஒப்படைத்தான். "என் தேசம் உனக்கு முன்பாக இருக்கிறது, உனக்குப் பிடித்த இடத்தில் குடியிரு" என்றான். கடைசியில் சாராள் அம்மாள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னான் பாருங்கள். "உன் சகோதரனுக்கு ஆயிரம் வெள்ளிக்காசு கொடுத்தேன்."

"உன் சகோதரனுக்கு"!

கணவன் பக்கத்தில் நிற்கிறார். ஊழியக்காரர் எல்லாரும் நிற்கிறார்கள். விளக்குப் பையன் நிற்கிறான். எல்லாருக்கும் உண்மை தெரிந்த பிறகு, ராஜா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "உங்க அண்ணனிடம் ஆயிரம் கொடுத்திருக்கிறேன் தாயி, வாங்கிக்கொள்" என்கிறான். இந்த ஒரு வசனத்துக்காகவே அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும். இவ்வளவு பெரிய அவமானத்துக்கு அவன் எடுத்துக்கொண்ட பழி அவ்வளவுதான்.

இப்போது சைக்கிளுக்கு வருவோம், அக்கா.

கனவில் கர்த்தர் கேட்டது என்ன? அந்த மனுஷனுடைய மனைவியை அவனிடத்துக்கு அனுப்பிவிடு. அவ்வளவுதான். ஆடு கேட்கவில்லை, மாடு கேட்கவில்லை, ஆயிரம் வெள்ளிக்காசு கேட்கவில்லை, தேசத்தில் இடம் கேட்கவில்லை. உங்கள் திருடன் சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பான், சரி. சைக்கிளோடு ஆயிரம் ரூபாயும் வைத்து, "எங்கள் வீட்டு மாடியில் நீங்களே குடியிருங்கள், வாடகை வேண்டாம்" என்று சொல்வானா? அப்படி ஒரு திருடன் இருந்தால் அவன் விலாசத்தைக் கொடுங்கள். என் சைக்கிளைக் கொண்டுபோய் அவன் வாசலில் பூட்டாமல் நிறுத்திவிட்டு வருகிறேன்.

அடுத்து, கனவு வந்தால் எவனும் திருந்திவிடுவான் என்கிறீர்கள். எவனுமா? பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருக்குக் கனவு வந்தது. பெரிய மரம், அதை வெட்டிப்போடும்படி வானத்திலிருந்து கட்டளை. தானியேல் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தமும் சொல்லி, "பாவங்களை விட்டுவிடும், சிறுமையானவர்களுக்கு இரங்கும்" என்று புத்தியும் சொன்னார். பன்னிரண்டு மாதம் கழித்து அதே ராஜா அரண்மனையில் உலாவிக்கொண்டு, "இது நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா" என்று மார் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு வருஷம், அக்கா! இயேசுவை விசாரித்த ரோம அதிபதி பிலாத்துவின் மனைவிக்குக் கனவு வந்தது. "அந்த நீதிமானை நீர் ஒன்றும் செய்ய வேண்டாம், அவர் நிமித்தம் இன்றைக்குச் சொப்பனத்தில் வெகு பாடுபட்டேன்" என்று நியாயாசனத்துக்கே ஆள் அனுப்பினாள். அவன் என்ன செய்தான்? கையைக் கழுவினான்.

எங்கள் அணியில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. நேபுகாத்நேச்சாரும் பிலாத்துவும் நம்ம பக்கத்து ஆட்களாயிற்றே, இவன் யாருக்காகப் பேசுகிறான் என்று தலைவர் பார்க்கிறார். பொறுங்கள் ஐயா, உங்களைக் காட்டிக்கொடுத்தாலும் அக்காவுக்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன். இதோ எதிரணி ஆளுக்கே வருகிறேன்.

சாலொமோன். உங்கள் அணியின் நட்சத்திரம். அவருக்குக் கிபியோனில் கர்த்தர் கனவில் தோன்றினார். கனவு ஒன்று. நல்ல கனவு, மிரட்டல் இல்லை, "உனக்கு என்ன வேண்டும் கேள்" என்ற கனவு. ஆலயம் கட்டி முடித்த பிறகு, கிபியோனில் வந்தது போலவே இரண்டாந்தரமும் தரிசனமானார். கணக்கு இரண்டு. இந்தத் தடவை எச்சரிக்கையும் உண்டு: வேறே தேவர்களைச் சேவித்தால் இந்த ஆலயத்தையே தள்ளிவிடுவேன். இரண்டு தரம் கேட்டவர் என்ன செய்தார்? 700 மனையாட்டிகள், 300 மறுமனையாட்டிகள். எருசலேமுக்கு எதிரே இருக்கிற மலையில் மோவாபியரின் தெய்வம் காமோசுக்கு ஒரு மேடை, அம்மோன் புத்திரரின் தெய்வம் மோளேகுக்கு ஒரு மேடை. தனக்கு இரண்டு விசை தரிசனமான கர்த்தரை விட்டு விலகினான் என்று வேதமே அந்த இரண்டை எண்ணிச் சொல்லுகிறது.

ஒரே ஒரு கனவு, ஒரே ராத்திரி, விடிவதற்குள் வேலை முடிந்தது: கேரார் ராஜா. இரண்டு தரிசனம், நாற்பது வருஷ ஆட்சி, ஆயிரம் பெண்கள்: எருசலேம் ராஜா. கனவுதான் காரணம் என்றால் சாலொமோன் இரண்டு மடங்கு நல்லவராக அல்லவா இருந்திருக்க வேண்டும்? டீச்சர் அக்கா கணக்கும் எடுப்பார் என்று கேள்விப்பட்டேன்.

தாவீது மனந்திரும்பினார் என்று எதிரணியில் முதலில் பேசிய அண்ணாச்சி கண் கலங்கச் சொன்னார். சங்கீதம் 51 எனக்கும் மனப்பாடம். மறுக்கவில்லை. ஆனால் தீர்க்கதரிசி நாத்தான் எப்போது வந்தார் என்று பாருங்கள். பத்சேபாளை அழைப்பித்தாயிற்று, அவள் புருஷன் உரியாவின் கையிலேயே அவன் மரணக் கடிதத்தைக் கொடுத்து யுத்தத்துக்கு அனுப்பியாயிற்று, அவன் செத்தாயிற்று, பிள்ளையும் பிறந்தாயிற்று. அதற்குப் பிறகு வருகிறார் நாத்தான். அதுவரை தாவீது ஊழியக்காரரை அழைப்பித்து ஒரு வார்த்தை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த உரியா ஏத்தியன், அந்நியன். கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியும் சேனையும் கூடாரத்தில் இருக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போய்ப் படுப்பேனோ என்று அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொண்டவன். அவன் ராஜா இல்லை என்பதால் எங்கள் கணக்கில் சேர்க்க நடுவர் ஒப்ப மாட்டார். சேர்க்காவிட்டால் போகட்டும்.

பயம் என்று சொன்னீர்களே அக்கா, அதற்கும் வருகிறேன். ராஜா சொன்னதைக் கேட்ட ஊழியக்காரர் மிகவும் பயந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. ஆமாம், பயந்தார்கள். எந்த ஊரில்? தெய்வபயமே இல்லை என்று ஆபிரகாம் முத்திரை குத்திய ஊரில். தேவனுக்குப் பயப்படுவதை இஸ்ரவேலில் செய்தால் பக்தி, கேராரில் செய்தால் கோழைத்தனமா?

அக்கா இன்னொரு கேள்வியும் கேட்டார். "மனைவியாக இல்லாமல் தங்கையாகவே இருந்திருந்தால்கூட, வழிப்போக்கனின் தங்கையைக் கேட்காமல் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?" நியாயமான கேள்வி. நல்ல கேள்வி. நேரமிருந்தால் கடைசியில் பதில் சொல்கிறேன்.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. ஆபிரகாமுக்கு ஒரு மகன், ஈசாக்கு. பஞ்சம் வந்தது, அவரும் அதே கேராருக்குப் போனார். அங்கே ராஜா பெயரும் அபிமெலேக்குதான். அதே ஆளா, அவர் மகனா என்று வேத பண்டிதர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஊர் ஜனங்கள் ரெபெக்காளைப் பற்றி விசாரித்தார்கள். ஈசாக்கு என்ன சொல்லியிருப்பார்? சொல்லுங்கள் பார்ப்போம். ஆமாம்! "என் தங்கை." அப்பா சொத்தில் பிள்ளைக்கு இதுவும் வந்து சேர்ந்திருக்கிறது. வெகுநாள் ஓடியது. ஒருநாள் ராஜா ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். ஈசாக்கு ரெபெக்காளோடே விளையாடிக்கொண்டிருந்தார் என்று இருக்கிறது. என்ன விளையாட்டு என்று வேதம் சொல்லவில்லை, பல்லாங்குழி இல்லை என்பது மட்டும் ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. கூப்பிட்டான். "அவள் உன் மனைவியாயிற்றே, பின்னை ஏன் தங்கை என்றாய்?" என்று கேட்டுவிட்டு ஒரு சட்டம் போட்டான்: இந்த மனுஷனையும் இவன் மனைவியையும் தொடுகிறவன் நிச்சயமாய்ச் சாவான்.

இங்கே கனவு எங்கே, அக்கா? கனவும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு ஜன்னல்தான் இருந்தது.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவர் மணியைத் தடவிப் பார்க்கிறார். காத் ராஜா ஆகீஸ். தாவீது அவன் முன்னால் பைத்தியம் போல நடித்து, தாடியில் எச்சில் ஒழுகவிட்டபோது, "எனக்குப் பைத்தியக்காரர் குறைவா, இவனையும் கொண்டுவந்தீர்களே" என்று கேட்ட ரசிகன். பின்னாளில் அதே தாவீதுக்குச் சிக்லாக் ஊரையே கொடுத்தான். தாவீது ஒரு திசையில் கொள்ளையடித்துவிட்டு வேறு திசையைச் சொன்னதை எல்லாம் நம்பினான். கடைசி வரைக்கும் நீ உத்தமன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். தீரு ராஜா ஈராம் ஆலயத்துக்குக் கேதுரு மரம் கொடுத்தான், தேவதாரு கொடுத்தான், பொன்னும் கொடுத்தான். பதிலுக்குச் சாலொமோன் கலிலேயாவில் 20 பட்டணம் கொடுத்தார். ஈராம் போய்ப் பார்த்துவிட்டு, "என் சகோதரனே, இதென்ன பட்டணங்கள்!" என்றதோடு சரி. படை எடுக்கவில்லை. நல்ல ராஜா யோசியா என்று அண்ணாச்சி சொன்னார். உண்மைதான், எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் எகிப்து ராஜா நேகோ, "உமக்கு விரோதமாய் நான் வரவில்லை, விலகிவிடும்" என்று தூதர் அனுப்பிச் சொன்னதை யோசியா கேட்கவில்லை. வேஷம் மாறிப் போய் மெகிதோவில் அம்பு பட்டு விழுந்தார். கி.மு. 609. நேகோ சொன்னது தேவனுடைய வாயிலிருந்து வந்த வார்த்தை என்று நாளாகமத்தை எழுதியவரே எழுதுகிறார். நினிவே ராஜா, பட்டணம் கவிழ்க்கப்படும் என்று பிரசங்கித்த யோனாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். கோபித்துக்கொண்டு பட்டணத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தது பிரசங்கியார்தான்.

பெர்சியாவின் கோரேசு ராஜாவிடம் மட்டும் ஒரு நிமிடம் நிற்கிறேன். கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்தான். பிடித்ததும் யூதர்களை ஊருக்குப் போய் ஆலயத்தைக் கட்டுங்கள் என்று அனுப்பினான். அரசியலுக்காகச் செய்தான் என்பீர்கள். இருக்கலாம். 1879-ல் பாபிலோன் இடிபாடுகளில் எடுத்த அவனுடைய களிமண் உருளை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எருசலேம் பெயர் அதில் இல்லை, ஆனால் கொண்டுவந்து அடைத்து வைத்திருந்த தெய்வங்களை அந்தந்த ஊருக்கே திருப்பி அனுப்பியதாகச் சொல்கிறது. எனக்கு அரசியல் வேண்டாம், எஸ்றா முதலாம் அதிகாரத்துப் பட்டியல் போதும். ஆலயத்திலிருந்து நேபுகாத்நேச்சார் அள்ளிக்கொண்டு போன பணிமுட்டுகளைப் பொக்கிஷக்காரன் எண்ணிக் கொடுக்கிறான். பொன் தட்டு 30. வெள்ளித் தட்டு 1,000. கத்தி 29.

பொன்னைத் திருப்பிக் கொடுத்தான், பெருமைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி எதற்கு, ஐயா? ஆலயம் இடிந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. கொள்ளையடித்தது இவனும் இல்லை, இவனுக்கு முந்தின ராஜ்யம். கேட்க ஆள் இல்லை. 29 கத்தியை எண்ணி, எழுதி, ஒப்படைக்கிறான். முப்பது என்று எழுதவில்லை பாருங்கள். மொத்தம் 5,400 என்று போட்டிருக்கிறது, பட்டியலைக் கூட்டினால் 2,499 தான் வருகிறது. அதை எங்கள் தலைவரிடம் விட்டுவிடுகிறேன், வங்கிக்காரர் பார்த்துக்கொள்வார்.

முதல் மணி அடித்துவிட்டது. கடைசியாக ஒரே ஒரு ராஜா. பெர்சியாவின் அர்தசஷ்டா.

நெகேமியா என்ற யூதர் அவனுக்குப் பானம் பரிமாறுகிறவர். அந்நிய தேசம், சூசான் அரண்மனை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நல்ல வேலை. ஊரிலிருந்து சகோதரன் ஆனானி வந்து, எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிறது, வாசல்கள் வெந்து கிடக்கின்றன என்று சொல்கிறார். நெகேமியா உட்கார்ந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கிஸ்லேயு மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை, நாலு மாதம். ராஜா முன்னால் துக்க முகம் காட்டக்கூடாது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகளின் அம்மாமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போனில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்கிற குரல் உங்களுக்குத் தெரியும்.

ஒருநாள் திராட்சரசத்தை எடுத்துக் கொடுக்கும்போது ராஜா நிமிர்ந்து பார்த்தான். "உன் முகம் ஏன் துக்கமாயிருக்கிறது? உனக்கு வியாதியும் இல்லையே, இது மனதின் துக்கமாகத்தான் இருக்கும்" என்றான். ஏழு கடல் தாண்டிய சாம்ராஜ்யம் என்பார்களே, இந்தியா முதல் எத்தியோப்பியா வரை ஆண்ட வம்சம். அவனுக்குப் பானம் கொடுக்கிறவன் முகத்தைப் பார்க்க நேரம் இருந்தது. அந்தப் பட்டணத்தைக் கட்டக்கூடாது என்று முன்பு உத்தரவு போட்டதாக எஸ்றாவில் இருப்பதும் அர்தசஷ்டாவின் பெயரில்தான். இப்போது ஒரு வேலைக்காரனின் முகத்துக்காகச் சம்மதிக்கிறான். ராஜஸ்திரீ பக்கத்தில் இருக்கிறாள். ராஜா கேட்டது இதுதான்: போய்வர எத்தனை நாள் ஆகும், எப்போது திரும்பி வருவாய்? லீவு கொடுத்தான், வழியில் தடுக்காமலிருக்க அதிபதிகளுக்குக் கடிதம் கொடுத்தான், வாசலுக்கு மரம் கொடுக்கச் சொல்லி வனக்காவலன் ஆசாப்புக்குக் கடிதம் கொடுத்தான், துணைக்குக் குதிரைவீரரையும் அனுப்பினான்.

எங்கள் அப்பா இறந்தபோது என் அண்ணன் மஸ்கட்டில் ஒரு கடையில் சரக்கு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஒப்பந்தப்படி லீவு கிடையாது, பாஸ்போர்ட் கம்பெனியில். சேதி போனது ராத்திரி. மறுநாள் காலையில் அவன் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டான். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம், ஊரில் கடன். சரக்கு எண்ணிக்கொண்டிருந்தவனை முதலாளி அரபி பார்த்தார். வேறு மதம், வேறு பாஷை. "முகம் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். இவன் பயந்துபோய், "ஒன்றுமில்லை" என்றான். ஆபிரகாமிடம் ராஜா கேட்டது போல அவரும் இரண்டாவது தடவை கேட்டார். அப்போதுதான் அழுதான்.

பாஸ்போர்ட்டை அவரே எடுத்து வந்தார், டிக்கெட் போட்டார், தன் காரிலேயே விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் பேசவில்லையாம். இறங்கும்போது, எப்போது திரும்பி வருவாய் என்று மட்டும் கேட்டாராம். அடக்கம் சாயந்திரம் என்று வைத்திருந்தோம். மத்தியானமே அண்ணன் வாசலில் வந்து நின்றான். அப்பா முகத்தைப் பார்த்தான். அந்த மனுஷருக்கு எந்தக் கனவும் வரவில்லை, அக்கா.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தில் இன்றைக்கும் அம்மா அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பாள். பெயரைத் தப்பாகத்தான் சொல்வாள், நாங்கள் யாரும் திருத்துவதில்லை. அம்மா அதோ தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அழாதே அம்மா, பட்டிமன்றம்தான் இது.

நடுவர் ஐயா, இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். அக்காவின் தங்கைக் கேள்விக்குப் பதில் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது, எங்கள் அணியில் அடுத்துப் பேசுகிறவர் சொல்வார். வணக்கம்.